இருபத்து மூணு ஜி.பி. இடம்

தம்பி, உங்க பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டிக்கிடுங்க. இது லேப்டாப்பு, இடிபடக் கூடாது. காலைல நாலு மணியிலேர்ந்து மடியிலயே வச்சிருக்கேன், தொடை ரெண்டும் மரத்துப் போச்சு. மேல வைக்கலாம்தான். வச்சா எவனாவது பலாப்பழ மூட்டையைக் கொண்டாந்து அதுமேல இறக்குவான். இது சாட்சி தம்பி. இதைக் காட்டித்தான் நான் போய்ப் பேசணும்.

மணி என்ன? மூணா? அடக் கடவுளே. இன்னும் செங்கல்பட்டே வரலையே. இந்த டிரைவருக்குக் கூறு இருக்கா? விக்கிரவாண்டியில அரை மணி நேரம் டீ குடிக்கிறான். அம்புட்டு நேரம் குடிக்க அது டீயா, கஷாயமா? அஞ்சு மணிக்குள்ள நான் மெட்ராஸ்ல கவுன்சிலிங் ஆபீசுல நிக்கணும். அஞ்சு அடிச்சா முடிஞ்சு போச்சு. என் பொண்ணு வாழ்க்கை முடிஞ்சு போச்சு.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைதானே? கழுத்துல அட்டை தொங்குதே, அதை வச்சுத்தான் கேக்கறேன். அப்ப உங்களுக்குப் புரியும். எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் புரியலை. எல்லாரும் சிரிக்கிறான். நீங்க முழுசாக் கேட்டுட்டு, தப்பு யார் மேலன்னு சொல்லுங்க.

நான் குருசாமி. ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல ஸ்டோர் கீப்பர், இருபத்தாறு வருஷமா. ஒத்தப் பொண்ணு, தர்ஷிகா. பிளஸ் டூவுல நல்ல மார்க்கு. நல்ல மார்க்குன்னா, தெருவே வந்து கை குடுத்துட்டுப் போச்சு. இன்ஜினியரிங் கவுன்சிலிங் போட்டோம். இப்ப எல்லாம் வீட்ல உக்காந்தே கம்ப்யூட்டர்லதானே. எந்தெந்தக் காலேஜ் வேணும்னு நாமளே வரிசையா எழுதி வைக்கணும். முதல்ல இருக்கறது கிடைச்சா அது, இல்லாட்டி அடுத்தது. இந்தத் திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடுனாங்க. மூடும்போது என்ன வரிசை இருக்கோ, அதுதான் கடைசி.

நான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். எங்க ஊருக்கு வெளிய ஏழு கிலோமீட்டர்ல ஒரு லேடீஸ் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. காலேஜ் பஸ் எங்க தெரு முக்குல நிக்கும். அந்த டிரைவர்கிட்டக்கூடப் பேசிட்டேன், வீட்டு வாசல்லயே நிறுத்தறேன்னுட்டாரு. காலைல எட்டுக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்கு வீடு. ஒரு பொண்ணுக்கு வேற என்ன வேணும்? அதை முதல்ல போடும்மான்னேன். "சரிப்பா"ன்னா. வாயைத் திறந்து சொன்னா தம்பி, சரிப்பான்னு.

திங்கக்கிழமை லீவு போட்டேன். மத்தியானம் சாப்ட்டுட்டு, எங்க, போட்டதைக் காட்டுன்னேன். காட்டுனா. முதல்ல மெட்ராஸ்ல ஒரு காலேஜ். ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸாம். என்னம்மா அதுன்னா, சேட்டிலைட்டு வழியா மேலேர்ந்து பூமியைப் பாக்கற படிப்புங்கறா. ஏன், இங்க நின்னு பாத்தா பூமி தெரியாதா? சரி, நம்ம காலேஜ் எங்கன்னு தேடறேன், தேடறேன், நாப்பத்தி ஒண்ணாவது எடத்துல கிடக்கு. நாப்பத்தி ஒண்ணு! மவுஸ் நழுவியிருக்கும்னேன். அந்த மவுஸ் பழசு, நழுவத்தான் செய்யும்.

மாத்திருவோம்னு உக்காந்தேன். மணி ரெண்டேகால். நல்லாக் கவனிங்க, ரெண்டேகால். அஞ்சு மணிக்கு இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு. ஒரு வரியைக் கீழேர்ந்து மேல தூக்கி வைக்க எம்புட்டு நேரம் ஆகப் போகுது? அப்பத்தான் இந்தச் சனியன் ஓரத்துல ஒரு கட்டம் காட்டுச்சு. டிஸ்க்ல இடம் இல்லைங்குது. காலேஜ் லிஸ்ட் இருந்த பக்கம் அப்படியே உறைஞ்சு போச்சு. அமுக்குனா நகர மாட்டேங்குது.

இது எங்க அண்ணன் மகனுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்பு. அவன் வேலைக்குப் போனதும் எங்ககிட்ட வந்துச்சு. பழசுதான், ஆனா ஓடும். போன வாரம் என்னமோ பெரிய அப்டேட்டைத் தானா இழுத்துப் போட்டுக்கிச்சு, அன்னிலேர்ந்து அதுக்கு மூச்சு முட்டுது. சி டிரைவைத் திறந்து பாத்தா ஒரு கோடு, முழுக்கச் சிவப்பு.

அப்ப பாப்பாதான் சொன்னா. நல்ல பிள்ளை தம்பி அது. நான் கத்துனதுக்குக் கோவிச்சுக்கவே இல்லை, பக்கத்துல வந்து உக்காந்து பொறுமையாச் சொன்னா. "அப்பா, அப்டேட் ஆனதும் பழைய விண்டோஸை அது தூக்கிப் போடாதுப்பா. மூட்டை கட்டி உள்ளயே வச்சிருக்கும். பழைய அப்டேட் ஃபைலும் அப்படித்தான். ஒண்ணுத்துக்கும் ஆகாது, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டா இருபது ஜி.பி.க்கு மேல கிடைக்கும்"னா.

தம்பி, எங்கிட்ட வந்து இப்படிச் சொல்லலாமா? என் வேலையே அதுதானே! மில்லுல வருஷா வருஷம் கண்டம் பண்றதுன்னு ஒண்ணு உண்டு. ஓடாத மோட்டார், தேஞ்ச பேரிங், ஆறு வருஷமா யாரும் வந்து கேக்காத பெல்ட்டு, எல்லாத்தையும் லிஸ்ட் போட்டு, ஒவ்வொண்ணா நேர்ல பாத்து, டிக் அடிச்சு வெளிய தள்றது. அதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆகாத சாமான் உள்ள கிடக்குன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு இறங்காது. எங்க வீட்ல எல்லாருக்கும் அது தெரியும். பாப்பா கேலியே பண்ணுவா, அப்பாவைச் சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் அங்க ஓட்டை உடைசல் எங்க கிடக்குன்னுதான் முதல்ல பாப்பாருன்னு.

அவளே திறந்து குடுத்தா. டிஸ்க் க்ளீனப்னு பேரு. ஒரு லிஸ்ட் வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு சின்னக் கட்டம். டிக் போடற கட்டம்! எனக்குக் கை பரபரன்னுச்சு. அவ, "பெரிசெல்லாம் இதுல வராதுப்பா, சிஸ்டம் ஃபைலையும் சேத்துத் தேடச் சொல்லணும்"னு ஒரு பட்டனைக் காட்டுனா. அமுக்குனேன். அது தேடுச்சு தம்பி, இருபத்தஞ்சு நிமிஷம் தேடுச்சு. ஒரு பச்சைக் கோடு நகருது, நகருது, நகர்ந்துக்கிட்டே இருக்கு. பாப்பா, நேரமாகுதும்மான்னேன். "நிறைய டைம் இருக்குப்பா"ன்னா.

வந்துச்சு லிஸ்ட்டு. பழைய விண்டோஸ் மட்டும் பதினாலு ஜி.பி. அப்டேட் குப்பை ஏழு சொச்சம். இன்னும் என்னென்னமோ. கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிக்கற பழக்கம் எங்கிட்டக் கிடையாது. ஒண்ணொண்ணும் என்னன்னு அவகிட்டக் கேட்டேன். அவளும் ஒண்ணொண்ணா விளக்குனா. அடேயப்பா, என்னமா விளக்குனா! நிதானமா, விலாவாரியா, நான் கேக்காததைக்கூடச் சேத்துச் சொன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. கடைசியில அது ஒரு கேள்வி கேட்டுச்சு. இதை அழிச்சா இனிமே பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக முடியாது, சம்மதமா? பாப்பா என் முகத்தையே பாத்தா. "போட்டிரலாமாப்பா?"ன்னா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அட, போடும்மா, திரும்பிப் போய் நமக்கு என்ன ஆகணும்னேன்.

அது அழிச்சு முடிக்கும்போது மணி நாலாகப் பத்து நிமிஷம். இப்ப லிஸ்ட்டைத் திறன்னேன். "ரீஸ்டார்ட் பண்ணாத்தான்ப்பா இடம் முழுசாக் காலியாகும்"னா. பண்ணுனேன். நானேதான் பண்ணுனேன், இந்த விரலாலதான்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அப்புறம் என்ன வரும்னு. நீலமா ஒரு திரை. வேலை நடக்குது, மூணு சதவீதம் முடிஞ்சிருக்கு, கம்ப்யூட்டரை அணைக்காதீங்க. மூணு சதவீதம்! நாலேகாலுக்கு ஏழு. நாலரைக்கு ஒம்பது. நான் எழுந்திரிக்கிறேன், உக்கார்றேன், எழுந்திரிக்கிறேன். வேர்த்து ஊத்துது. ஏய், ஒரு வரிதான் மாத்தணும், ஒரே ஒரு வரி, சீக்கிரம் வாயேன்னு அதுகிட்டக் கெஞ்சறேன். லேப்டாப்புகிட்டக் கெஞ்சுனவன் எங்க ஊர்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

போன்ல போடலாமேங்கறீங்களா? நான் கேக்காம இருப்பேனா? பாப்பா போன்ல சார்ஜ் இல்லை. என்னிக்கும் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழ விடாத பிள்ளை, அன்னிக்குன்னு பாத்து செத்துக் கிடக்கு. என் போன்ல திறந்தோம். பாஸ்வேர்டை மூணு தடவை தப்பா அடிச்சா, உள்ள விட மாட்டேன்னு பூட்டிக்கிச்சு. பதட்டம் தம்பி பிள்ளைக்கு. பிரவுசிங் சென்டருக்குப் போவோம், பாஸ்வேர்டை மாத்திக் குடுப்பாங்கன்னு சட்டையை மாட்டுனேன். பைக் சாவியைக் காணோம். ஆணியில மாட்டுன சாவி! இருபது நிமிஷம் தேடுனேன். மறுநாள் காலைல அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு. என்ன வீடுய்யா அது, எந்தச் சாமானும் வச்ச எடத்துல இருக்கறதில்லை.

எனக்கு வந்த கோவத்துல, இதை ஒரேயடியா அமுக்கி அணைச்சுட்டு மறுபடி போட்டா என்னன்னு பட்டன்ல கையை வச்சேன். எங்க வீட்டுக்காரி ராமலட்சுமி ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "அணைக்காதீங்க, அதுலயே எழுதியிருக்குல்ல, அணைக்கக் கூடாதுன்னு"ங்கறா. அதுல இங்கிலீஷ்லல்ல எழுதியிருக்கு! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல, அவ இங்கிலீஷ் வாசிப்பான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கையை விடவே இல்லை. அப்படிப் பிடிச்சா.

அஞ்சு மணி அடிச்சப்ப பதினாறு சதவீதம்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திறந்துச்சு. இருபத்து மூணு ஜி.பி. காலி. சிவப்பா இருந்த கோடு நீலமாயிருச்சு. பொய் சொல்ல மாட்டேன் தம்பி, ஒரு நிமிஷம் அதைப் பாக்கச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அம்புட்டு இடம்! வச்சுக்கிட்டு என்ன செய்ய?

நேத்துக் காலைல ரிசல்ட் வந்துச்சு. முதல்ல இருந்ததே கிடைச்சிருச்சு, மெட்ராஸு. நான் தலைல கை வச்சு உக்காந்துட்டேன். அம்மாவும் பொண்ணும் அடுப்படியில கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. நான் எட்டிப் பாத்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு விலகிட்டாங்க. கவலைப்படாதீங்க, நான் உயிரோட இருக்கேன்ல, போய்ப் பேசி மாத்திட்டு வர்றேன்னேன். அன்னிக்குன்னு பாத்து ராமலட்சுமி கேசரி வேற கிண்டியிருந்தா. ரவை பழசாயிருச்சாம், வச்சிருந்தா புழு வந்துருமாம். நான் தொடவே இல்லை.

வண்டி ஏன் நிக்குது? ஏய்யா கண்டக்டரு, என்னய்யா முன்னாடி? டோல்கேட்டா? எத்தனை வண்டி நிக்குது? ஐயோ, கண்ணுக்கு எட்டுன மட்டும் நிக்குதேய்யா! மணி மூணரை ஆகப் போகுதே. நான் இறங்கி ஓடிரட்டுமா தம்பி? ஓடுனா முடியுமா?

ரூல் என்னன்னா, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவ "இந்த சீட்டு எனக்குச் சம்மதம்"னு அமுக்கணும். அமுக்கலைன்னா சீட்டு போயிரும். நான் சொல்லிட்டு வந்திருக்கேன், எதையும் தொடாதே, அப்பா நேர்ல போய்ப் பேசிக்கிறேன்னு. மனு எழுதியிருக்கேன், பாருங்க, மூணு பக்கம். ஐயா, வரிசையை மாத்தப் போன நேரத்துல லேப்டாப் இப்படிப் பண்ணிருச்சு, எங்க தப்பு எதுவும் இல்லை, ஒரு அஞ்சு நிமிஷம் திறந்து விடுங்க. அஞ்சே நிமிஷம். கால்ல வேணும்னாலும் விழுவேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு மேனேஜர் முன்னாடியும் குனிஞ்சதில்லை, இதுக்குக் குனிவேன்.

என்ன கேட்டீங்க? அது அம்புட்டு நேரம் எடுக்கும்னு பொண்ணுக்குத் தெரியாதாவா? என்ன கேள்வி தம்பி இது? அவ குழந்தை. அவளுக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புதான் எடுத்தா, அதுல நூத்துக்கு நூறுதான், அதுக்காக இதெல்லாம் பாடத்துலயா வரும்? நீங்க கம்ப்யூட்டர்காரரு, கம்ப்யூட்டரைத் தப்புச் சொல்ல மாட்டீங்க. விடுங்க.

கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. காலைலேர்ந்து சாப்பிடலை, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணு தனியா இருந்து பழகலை. அதுக்கு ராத்திரி ஃபேன் மூணுலதான் ஓடணும். ரசத்துல மல்லித்தழை மிதந்தா சாப்பிடாது, நான்தான் எடுத்துப் போடணும். ஹாஸ்டல்ல எவன் எடுத்துப் போடுவான்? ராமலட்சுமி சொல்றா, அவளுக்கு எட்டு வயசுலயே அதெல்லாம் சரியாப் போச்சு, நீங்கதான் இன்னும் எடுத்துக்கிட்டே இருக்கீங்கன்னு. கூறுகெட்டவ. சாயங்காலம் நான் மில்லுலேர்ந்து வந்தா, அந்தப் பிள்ளை புத்தகத்துலேர்ந்து தலையைக்கூடத் தூக்காம "வந்தாச்சாப்பா"ன்னு ஒரு வார்த்தை கேக்கும். அந்த ஒரு வார்த்தைதான் தம்பி. அது இல்லாம அந்த வீட்டுக்குள்ள எப்படி நுழையறது? நான் யாரைத் திட்டுவேன்? யாருக்குப் பென்சில் சீவி வைப்பேன்? சொல்லுங்க. எனக்கு முடியாது தம்பி. அவளை விட்டுட்டு என்னால முடியாது.

இருங்க, போன் அடிக்குது. வீட்லேர்ந்துதான்.

அலோ. பாப்பா. ஆமாம்மா, செங்கல்பட்டு. டோல்கேட்டுல நிக்குது, போயிருவேன், நீ பயப்படாதே. என்னது? எங்க இருக்கே, ஒரே சத்தமா இருக்கு? பிரவுசிங் சென்டரா? அம்மாவும் கூட இருக்காளா? சரி. சரி, நிக்கட்டும். என் போனுக்கா? ஓ.டி.பி. நம்பரா? இரு, பாக்கறேன். ஆமா, இப்பத்தான் ஒரு மெசேஜ் வந்து நிக்குது.

தம்பி, கண்ணாடியை மறந்துட்டேன், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வேண்டாம், வேண்டாம், குடுங்க. எனக்கே தெரியுது.

பாப்பா, இருக்கியா? இல்லைம்மா, லைன்லதான் இருக்கேன். படிச்சுக்கிட்டிருக்கேன். ஒண்ணுமில்லை, சிக்னல் விட்டு விட்டு வருது. எழுதிக்கோ. நாலு. ஒண்ணு. ஒண்ணு. ஏழு. அப்புறம் சைபர். ரெண்டு. கடைசி ரெண்டும்மா. திருப்பிச் சொல்லு. ம். சரியா இருக்கு. நிதானமாப் போடு, திங்கக்கிழமை மாதிரி தப்பா அடிச்சிராதே. சாப்ட்டியா? ஏன் அழறே? அழாதேம்மா, பக்கத்துல ஆளுக இருப்பாங்க. வைக்கிறேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? மெசேஜ்ல முதல் வரியை நீங்களும் படிச்சிட்டீங்க, தெரியும். நம்பர் எதுக்குன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதானே? கேக்கலைதான். கேட்டா சொல்லிருவா தம்பி. அவ வாயால அதைச் சொல்லி, நான் காதால கேட்டுட்டா, அப்புறம் நான் சரின்னும் சொல்ல முடியாது, வேண்டாம்னும் சொல்ல முடியாது. இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. பொண்ணு ஒரு நம்பர் கேட்டா, அப்பன் குடுத்தான்.

இல்லை, இல்லை, இங்க இறங்கலை. ஆபீசுக்குப் போவேன். போகாம எப்படி? இந்த நெரிசல்ல அஞ்சரைக்குத்தான் போய்ச் சேருவேன், கதவைச் சாத்தியிருப்பாங்க. வாட்ச்மேன்கிட்ட நாலு வார்த்தை சண்டை போடுவேன். அப்புறம் வாசல்ல நின்னுக்கிட்டு வீட்டுக்குப் போன் பண்ணுவேன். முடியலை பாப்பா, அப்பா வரதுக்குள்ள சாத்திட்டாங்கன்னு சொல்லுவேன். அவ, பரவாயில்லைப்பா, நீங்க வீட்டுக்கு வாங்கம்பா.